மனம் களைச்சா வேலை ஓடுமோ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில பரீட்சைப் பகுதியில வேலை செய்யிறன். முந்தியெல்லாம் பெறுபேறு விடுற நேரம் இரவு ஏழு மணி ஆனாலும் இருந்து முடிச்சிட்டுத்தான் வருவன், இப்ப காலமை ஒபிசுக்கு வெளிக்கிடவே மனம் வருகுதில்லை. எங்கட பகுதியில ரெண்டு பேர் வெளிநாடு போனாப்பிறகு அவையின்ர இடத்துக்கு ஆக்கள் எடுக்கேல்லை, அந்த வேலையும் என்ர தலையிலதான். பைலை விரிச்சு வைச்சிட்டு சும்மா பாத்துக்கொண்டு இருக்கிறன். இவர் என்னெண்டா "உமக்குப் பஞ்சி" எண்டுறார். மெய்யா எனக்குப் பஞ்சியோ?
– வாசகி, கொக்குவில்

பதில்: இல்லைத் தங்கச்சி. பஞ்சி பிடிச்ச ஆள் பெறுபேறு விடுறதுக்கெண்டு இரவு ஏழு மணி மட்டும் இருக்காது. இது வேலையால வந்த களைப்பு போலதான் கிடக்கு. 2019இல உலக சுகாதார நிறுவனம் இதை நோயெண்டு சொல்லாமல் வேலையால வாற ஒரு நிலை எண்டு வகைப்படுத்தி மூண்டு அடையாளம் சொன்னது: சக்தியெல்லாம் வத்திப்போறது, வேலையில இருந்து மனம் விலகுறது, என்னால ஒண்டும் உருப்படியாச் செய்யேலாது எண்ட எண்ணம். முதல் ரெண்டும் உங்கட கடிதத்தில வடிவாத் தெரியுது.

2001இல வந்த ஒரு ஆய்வு இதை நல்லா விளக்குது. வேலை எங்களிட்டக் கேக்கிறது ஒரு பக்கம், அதைச் செய்ய எங்களுக்குக் கிடைக்கிறது மற்றப் பக்கம், அதாவது மேலதிகாரியின்ர ஆதரவு, நாங்களே முடிவெடுக்க ஒரு இடம், செய்தது நல்லாயிருக்கு எண்டு ஒரு வார்த்தை. கேக்கிறது கூடினா களைப்பு வரும், கிடைக்கிறது குறைஞ்சா ஈடுபாடு போகும். உங்களுக்கு ரெண்டும் ஒண்டா நடந்திருக்கு. ஊறவிடாமல் இறைச்சுக்கொண்டே இருந்தா எந்தக் கிணத்திலயும் சேறுதான் வரும், அதுக்குக் கிணத்தைக் குறை சொல்லேலாது.

அதால "நான் இன்னும் கஷ்டப்படவேணும்" எண்டு நினைக்காதேங்கோ. ஒரு கிழமைக்கு நீங்கள் செய்யிற வேலையெல்லாத்தையும் எழுதுங்கோ, எது உங்கட வேலை எது போனவையின்ர வேலை எண்டு பிரிச்சு எழுதி, உதவிப் பதிவாளரிட்டக் குடுத்து "இதில எதை முதல் முடிக்க, எதைப் பிந்திச் செய்ய?" எண்டு கேளுங்கோ. வாயால சொன்னா காத்தோட போயிடும், எழுத்தில குடுங்கோ. இவரிட்டயும் அந்தப் பேப்பரைக் காட்டுங்கோ.

நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கேல்லை, வாழ்ந்து என்ன எண்ட நினைப்பு வருகுது எண்டா மட்டும் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. யாழ் போதனா வைத்தியசாலையில மனநலப் பிரிவு இருக்கு, 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கதைக்கலாம். இதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

கேள்வி: நானும் ஒரு பல்கலைக்கழகத்தில ஒரு பகுதிக்குப் பொறுப்பாளர். முந்தி நல்லா வேலை செய்த ஒரு பெடியன் இப்ப பிந்தி வாறான், பிழையும் கனக்க விடுறான். எச்சரிக்கைக் கடிதம் குடுக்கலாமோ?
– வாசகர், சுன்னாகம்

பதில்: இப்ப வேண்டாம் ஐயா. வேலையில ஈடுபாடு பற்றி 1990இல எழுதின வில்லியம் கான் மூண்டு விசயம் சொன்னவர்: செய்யிற வேலையில அர்த்தம் தெரியவேணும், மனசில உள்ளதைச் சொன்னா தனக்குப் பாதகம் வராது எண்ட நம்பிக்கை வேணும், உடம்பிலயும் மனசிலயும் தெம்பு இருக்கவேணும். கடிதம் குடுத்தா அந்த ரெண்டாவது அண்டைக்கே போயிடும், பேந்து அவன் பிழையை மறைக்கத்தான் பாப்பான், பரீட்சைப் புள்ளியில மறைச்ச பிழை எண்டா அது மாணவரின்ர தலையிலதான் விடியும். ஊழியர் நலன் எண்டு வருசத்தில ஒருக்கா பஸ் பிடிச்சுச் சுற்றுலா போறதோட கன இடத்தில அலுவல் முடியுது, அது காணாது. அவனைத் தனியக் கூப்பிட்டு, கதவைச் சாத்திப்போட்டு, "வீட்டில ஏதும் பிரச்சினையோ, வேலை கூடிப்போச்சோ?" எண்டு கேட்டிட்டு அவன் சொல்லி முடிக்குமட்டும் பேசாமல் இருங்கோ.