7.1 மெகாஹெர்ட்ஸுக்குக் கட்டிய டைபோல் 6.6-ல் ஏன் நிற்கிறது?

கேள்வி: ஹாம் ரேடியோ தேர்வுக்குப் படிக்கிறேன். 40 மீட்டர் பேண்டை (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அலைவரிசையை) கேட்பதற்காக, 300-ஐ 7.1-ஆல் வகுத்து, அதில் பாதியாக 21.13 மீட்டர் வயரிங் கம்பியில் டைபோல் (நடுவில் இணைப்புக் கொடுத்து இரண்டு பக்கமும் நீளும் கம்பி ஆண்டெனா) கட்டினேன். நண்பரின் ஆண்டெனா அனலைசரில் 6.6 மெகாஹெர்ட்ஸில்தான் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவின் பொருத்தத்தைக் காட்டும் அளவு; குறைந்தால் நல்லது) இறங்குகிறது. கடைக்காரர் ட்யூனர் (ஆண்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கம்பி நீளமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

300-ஐ வகுத்தால் வருவது வெட்டவெளியில் அலையின் நீளம். கம்பியின் நுனிகளில் மின்னூட்டம் தேங்குவதால், அது உள்ளதைவிட நீளமான கம்பி போல நடந்துகொள்ளும். அதனால் சுமார் 5 சதவீதம் குறைத்து வெட்ட வேண்டும். 300-ல் பாதி 150; அதில் 5 சதவீதம் போனால் சுமார் 143. அந்த 143-ஐ 7.1-ஆல் வகுங்கள்: 20.14 மீட்டர். சில புத்தகங்களில் 143-க்குப் பதிலாக வரும் 468 என்ற எண், நீளத்தை அடியில் தரும். அதை மீட்டர் என்று நினைத்து 66 மீட்டர் கம்பி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். தேர்வில் சூத்திரம் கேட்கிறார்கள். கம்பியை அளந்து கட்டத் தெரியுமா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் கம்பிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வயரிங் கம்பியில் பிவிசி உறை இருக்கிறது. உறை அலையை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கும். 143 கணக்கு வெறும் செம்புக் கம்பிக்குத்தான் பொருந்தும். உறை போட்ட கம்பிக்கு நீளம் மேலும் இரண்டு மூன்று சதவீதம் குறையும். உறையின் தடிமனுக்கேற்ப இது மாறுவதால் எந்தச் சூத்திரமும் துல்லியமாகச் சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும். நீங்கள் அளந்தே விட்டீர்கள்!

இருக்கும் நீளத்தை 6.6-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுங்கள். 19.64 மீட்டர் வரும். பக்கத்துக்கு 75 செ.மீ. குறைக்க வேண்டும்.

ட்யூனர் அந்த 75 சென்டிமீட்டரைக் குறைக்காது. ரேடியோவுக்குப் பொருத்தம் சரியாகத் தெரியும். மேலே தொங்கும் கம்பி அப்படியேதான் இருக்கும். புதிதாக வருபவர்களிடம் முதலில் இதைத்தான் விற்கிறார்கள். ‘பணம் கொடுங்கள், உரிமமும் வாங்கித் தருகிறோம்’ என்று வருபவர்களையும் நம்பாதீர்கள். தேறிய பிறகும் உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அந்தக் காத்திருப்பை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். உரிமம் வரும்வரை கேட்பதோடு நிறுத்துங்கள், பேசுவதற்கு அழுத்தும் பிடிடி பட்டனைத் தொடாதீர்கள்.

சரி, கம்பியை இப்போதே வெட்டிவிடாதீர்கள். முதலில் பக்கத்துக்கு 70 செ.மீ. மட்டும் இன்சுலேட்டர் வழியாகப் பின்னோக்கி மடக்கி, கம்பியோடு இறுக்கிச் சுற்றுங்கள். வால் தனியாகத் தொங்கக் கூடாது. பழைய உயரத்துக்கே ஏற்றி அளந்துவிட்டு, அப்புறம் இரண்டு பக்கமும் சமமாக, இரண்டிரண்டு சென்டிமீட்டராகக் குறையுங்கள்.