முள்ளும் பல்லும் ஒரே தொட்டியில்

கடல்நீர்த் தொட்டியில் நச்சு முள் மீன்களையும் முரட்டு மீன்களையும் சேர்த்து வளர்க்க நினைக்கும் வாசகர்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் நான்கடித் தொட்டியில் (நீளம் 4, அகலம் 1½, உயரம் 2 அடி) அரையடி நீளச் சிங்கமீன் ஒன்று இருக்கிறது. அதோடு ஒரு கிளவுன் டிரிக்கரும் ஒரு பேத்தை மீனும் விட ஆசை. சிங்கமீனின் விஷம் அவை இரண்டையும் கொன்றுவிடுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: பயம் தவறான பக்கம் இருக்கிறது. அந்தக் கூட்டணியில் முதலில் சாகப்போவது சிங்கமீன்தான்.

சிங்கமீனுக்கு முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வாலுக்கு முன்னால் அடித்துடுப்பில் 3, ஆக 18 நச்சு முட்கள். ஒவ்வொரு முள்ளின் பள்ளத்திலும் நச்சுத் திசு ஓடுகிறது, மேலே மெல்லிய தோலுறை. எதிலாவது குத்தியதும் உறை பின்னுக்குப் போய், திசு நசுங்கி, நஞ்சு காயத்தில் இறங்குகிறது. ஆக, யாராவது வந்து மோதினால்தான் அதற்கு வேலை. இரை பிடிக்கச் சிங்கமீன் முள்ளைப் பயன்படுத்துவதில்லை, வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். விசிறி போல விரிந்து அழகு காட்டும் மார்புத் துடுப்புகளில் நஞ்சே கிடையாது. டிரிக்கர் கடிப்பதும் அதைத்தான்.

கடைக்காரர் டிரிக்கர் என்பது நம் மீனவர்கள் கிளாத்தி என்று சொல்லும் இனம். கடல்முள்ளெலியையும் நண்டையும் உடைத்துத் தின்னப் படைத்த தாடை, தடித்த தோல். பகல் முழுக்கச் சுற்றிவரும். சிங்கமீனோ பகலில் பாறைக்கடியில் தலைகீழாகத் தொங்கி ஓய்வெடுத்து, அந்தி மங்கியதும் கிளம்பும் ரகம். அசையாமல் தொங்கும் அந்தத் துடுப்பு டிரிக்கரின் கண்ணுக்குக் காற்றிலாடும் தோரணம். ஒருமுறை முள்ளைத் திருப்பிக் காட்டினால் விலகும், பத்து நிமிடத்தில் பின்பக்கமாக வரும். பேத்தைக்கும் இதே பழக்கம். நான்கு பல்லும் சேர்ந்து கிளியலகு மாதிரி ஆகியிருப்பதால் கடித்த இடம் கத்தரித்ததுபோல் இருக்கும். சவ்வு மட்டும் கிழிந்தால் சில வாரங்களில் வளர்ந்துவிடும். துடுப்பு அடிவரை தின்னப்பட்டால் வளராது, புண் அழுகும், மீன் இரையெடுப்பதை நிறுத்தும்.

உங்கள் தொட்டிக் கணக்கையும் பாருங்கள். 12 கன அடி, ஏறக்குறைய 340 லிட்டர். பாறை, மணல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக 280 லிட்டர் நீர் நின்றால் அதிகம். கிளவுன் டிரிக்கர் அரை மீட்டர் வரை வளரும். அந்தத் தொட்டிக்குச் சிங்கமீன் ஒன்றே போதும். அதுவும் பெரிய இனமாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் ஆறடித் தொட்டி தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஆறடித் தொட்டி செய்யப்போகிறேன். நச்சு மீனும் முரட்டு மீனும் கலந்தே ஆக வேண்டும் என்றால் எதை எதை, எந்த வரிசையில் விடலாம்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 6 x 2 x 2 அடி என்றால் 680 லிட்டர். கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு சேர்த்து 850 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதானால் முதலில் கட்டடம் தெரிந்தவரிடம் கேளுங்கள், பிறகு மீன்கடைக்காரரிடம்.

ஒத்துப்போக வாய்ப்புள்ள கூட்டம் இது: சிங்கமீன் ஒன்று, ஸ்னோஃபிளேக் அஞ்சாலை (பாம்புபோல் நீண்ட உடல் கொண்ட மீன்) ஒன்று, ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்று, கடைசியாக நீல நிற நைஜர் டிரிக்கர் ஒன்று. ஃபாக்ஸ்ஃபேஸ் நம்மூர் ஓரா மீனின் நெருங்கிய உறவு. அதற்கும் நச்சு முள் உண்டு, ஆனால் பாசி தின்னும் சாது. நைஜர் டிரிக்கர் கடலில் நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களைத் தின்று வாழ்வது, கிளாத்திகளில் குணம் கொஞ்சம் மென்மை. கொஞ்சம்தான்! துடுப்பைக் கடிக்கும் பழக்கம் பிடித்துவிட்டால் அதைத் திருத்த முடியாது, பிரிக்கத்தான் வேண்டும். ஆரஞ்சுக் கோடு போட்ட அண்டுலேட்டட் டிரிக்கரை யாரோடும் சேர்க்காதீர்கள். களவாவும் வேண்டாம்; வாய் பெரிய மீன், சிறிய சிங்கமீனையே விழுங்கப் பார்க்கும். அதிலும் ராட்சதக் களவா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள மீன். பெட்டி மீனும் வேண்டாம். அது பயந்தாலோ செத்தாலோ தோலிலிருந்து நஞ்சைக் கசியவிடும், மூடிய தொட்டியில் மற்ற மீன்களும் சேர்ந்து செத்துப்போகும். முள் மீனின் நஞ்சு குத்தினால்தான் ஏறும், பேத்தையின் நஞ்சு தின்றால்தான். பெட்டி மீன் ஒன்றுதான் தண்ணீரையே கெடுப்பது.

மீன் வாங்கும் முன் தொட்டியைப் பழக்குங்கள். மீன் இல்லாமல் 4 முதல் 6 வாரம் ஓடவிட்டு, கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் சுழி காட்டிய பிறகே முதல் மீன். கடல்நீரின் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே கடுமையாகத் தாக்கும். இறைச்சி தின்னும் மீன்களின் கழிவும் அதிகம். அதனால் உங்கள் தொட்டியைப்போல் இருமடங்கு கொள்ளளவுக்கென்று விற்கப்படும் புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), கீழே 120 லிட்டராவது பிடிக்கும் சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி), மணிக்கு 3,000 லிட்டருக்குக் குறையாத பம்ப் வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம். தாண்டாமல் வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுங்கள். பாறைக்குப் பவளத் துண்டு வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. பீங்கான் கற்களும், சிமெண்டில் வார்த்து மாதக் கணக்கில் நீரில் ஊறவைத்த கற்களும் போதும்.

வரிசை: ஃபாக்ஸ்ஃபேஸும் சிங்கமீனும் முதலில். ஒரு மாதம் கழித்து அஞ்சாலை. எல்லோரும் ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்த பிறகு டிரிக்கர், அதுவும் சிங்கமீனைவிடச் சிறியதாக. முதலில் வந்தவன் இடத்துக்கு உரிமை கொண்டாடுவான் என்பதால்தான் முரடனைக் கடைசியில் விடுகிறோம். டிரிக்கரை விடும் அன்று பாறைகளை இடம் மாற்றி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டால் ஒரு வாரம் தடுத்து வையுங்கள். தடுப்பை விளக்கணைத்த பிறகு எடுங்கள். ஒவ்வொரு மீனையும் அதற்குமுன் 4 வாரம் தனித்தொட்டியில் வைப்பது நல்லது. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடுபவர்கள் அஞ்சாலை இருக்கும் தொட்டியில் போட வேண்டாம், அதற்கு ஆகாது.

அஞ்சாலைக்கு மூடிதான் உயிர். தலை நுழையும் இடைவெளி இருந்தால் உடம்பு முழுதும் வெளியே வந்துவிடும். குழாய் போகும் ஓட்டைகளில் பிளாஸ்டிக் வலை கட்டுங்கள், மூடிக்குக் கிளிப் போடுங்கள். டிரிக்கர் ஒயரையும் காற்றுக்குழாயையும் மெல்லும், எல்லாவற்றையும் பி.வி.சி. குழாய்க்குள் ஓட்டுங்கள். நம்மூரில் ஹீட்டர் தேவையில்லை, சில்லர்தான் தேவை. அக்னி நட்சத்திரத்தில் நீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அதே நேரத்தில் மீனின் பசியும் மூச்சும் கூடும். 25, 26 டிகிரியில் நிறுத்தப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் வாங்கி வைத்த சிங்கமீன் உயிருள்ள கப்பி மீனைத் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறது. நெத்திலி, மத்தி போடலாமா? தங்கமீன் குஞ்சு மலிவாகக் கிடைக்கிறதே?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தங்கமீனை விட்டுவிடுங்கள் அம்மா. தங்கமீன், நெத்திலி போன்ற சிலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும். மாதக் கணக்கில் அதையே தின்ற மீன் நிலைதடுமாறி நீந்தும், இரையைக் குறிவைத்து உறிஞ்சத் தவறும். எப்போதாவது நெத்திலி போடுவதில் கெடுதல் இல்லை. மத்தியில் எண்ணெய் அதிகம், நீர்ப்பரப்பில் படலம் கட்டும். கிழங்கான் சதை, கணவாய், தோலுரிக்காத சிறு இறால் மூன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

உயிர் இரையை நிறுத்த இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். நான்கு நாள் பட்டினி போட்டு, அந்தி நேரத்தில் தொட்டி விளக்கை அணைத்து, அறை விளக்கு மட்டும் எரியட்டும். விறைப்பான மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் நுனியில் இறாலை லேசாகச் செருகி, மீனின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, நீந்துவதுபோல் விட்டுவிட்டு அசையுங்கள். முகத்தில் கொண்டுபோய் இடிக்காதீர்கள், பின்வாங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் எடுக்கவில்லை என்றால் இரையை வெளியே எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். நல்ல உடம்புள்ள மீன் பத்து நாள் பட்டினி தாங்கும்.

பழகிய பிறகு வாரத்துக்கு மூன்று வேளை போதும். கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தைவிடப் பெரிய துண்டு வேண்டாம். இது தினமும் கெஞ்சும் மீன், கெஞ்சுவதை நம்பினால் ஈரலில் கொழுப்பு ஏறும். கெஞ்சும் மீன் கையைத் தேடி மேலே வரும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள். முக்கால் மீட்டர் இடுக்கி இல்லாமல் இரை போடக் கூடாது.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கும்போது காசு கொடுத்து உப்பு வாங்க வேண்டுமா? மரக்காணம் உப்பைக் கரைத்தால் என்ன?
– வாசகர், கடலூர்

பதில்: உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிந்ததும் மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள், கால்சியமும் பெரும்பாலும் அதற்குமுன்பே படிந்து போயிருக்கும். சாம்பாருக்கு அது நல்ல உப்பு. கடல்நீராக ஆகாது.

கடல்நீர் எடுக்கலாம், இடமும் காலமும் பார்த்து. கெடிலம், உப்பனாறு, பெண்ணையாறு முகத்துவாரங்களின் பக்கம் வேண்டாம். உப்பனாற்றங்கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள் உள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று நீர் கலந்து உப்பு குறைந்துவிடும். வெயில் காலத்தில் படகில் போய் எடுத்த நீரே நல்லது. 100 லிட்டருக்கு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 10 மில்லி விட்டு, மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் சோடியம் தயோசல்பேட் 3½ கிராம் கரைத்து, காற்று விட்டு, குளோரின் சோதனையில் சுழி வந்த பிறகே பயன்படுத்துங்கள். வாசனைத் திரவியம் சேர்த்த வீட்டு பிளீச் கூடாது.

செயற்கை உப்பு என்றால் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். 60 லிட்டர் மாற்ற 2 கிலோ 100 கிராம், ஆர்.ஓ. நீரில் ஒரு நாள் கலக்கவிட்டு ஒப்படர்த்தி 1.023க்கும் 1.025க்கும் இடையில் இருக்கிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பின் அளவு காட்டும் கருவி) பாருங்கள். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக உப்புநீர் ஊற்றாதீர்கள். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

கேள்வி: சிங்கமீன் குத்திவிட்டால் உடனே என்ன செய்வது?
– வாசகர், அரியாங்குப்பம்

பதில்: சுடுநீர். நஞ்சு புரதம், சூட்டில் சிதையும். முள் துண்டு மேலே தெரிந்தால் எடுத்துவிட்டு, கையை 45 டிகிரிக்கு மேல் போகாத நீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். கொதிநீர் 1 பங்குக்கு 30 டிகிரி குழாய்நீர் 4 பங்கு கலந்தால் 44 டிகிரி வரும். சித்திரை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டி நீரே சுடும் என்பதால் தெர்மாமீட்டர் வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், மரத்துப்போன கைக்குக் கொப்பளம் வருவது தெரியாது. ஆற ஆறச் சுடுநீர் சேருங்கள், சேர்க்கும்போது கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஐஸ் வேண்டாம், கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மூச்சுத் திணறல், மயக்கம், பரவும் வீக்கம், மூட்டில் குத்து, சுடுநீருக்கும் அடங்காத வலி இருந்தால் சுடுநீரோடு காத்திருக்காமல் ஜிப்மர் போலப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், எந்த மீன் என்று சொல்லுங்கள். வலி போனாலும் டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சிங்கமீனுக்கென்று முறிமருந்து கிடையாது. ரப்பர் கையுறையை முள் துளைத்துவிடும், அதை நம்பித் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

கேள்வி: புயலுக்கு மின்சாரம் போனால்?
– வாசகர், லாஸ்பேட்டை

பதில்: 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று நம் கரைக்குப் பழகிய சங்கதிதான். ஸ்கிம்மர், விளக்கு, சில்லர் எல்லாவற்றையும் நிறுத்தி, 40 வாட் பம்பையும் காற்றுமோட்டாரையும் மட்டும் இன்வெர்ட்டரில் விடுங்கள். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பாதி மட்டும் இறக்கினாலும் 15 மணி நேரம் ஓடும். அதற்கு மேல் பேட்டரி காற்றுமோட்டார். மின்சாரம் வரும்வரை இரை கிடையாது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே போடாதீர்கள். உள்ளே அழுகிய நீரைக் கொட்டி, தொட்டி நீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி: வளர்ந்துவிட்ட சிங்கமீனை வீராம்பட்டினம் கடலில் விட்டுவிடலாமா? அது நம் கடல் மீன்தானே?
– வாசகர், முதலியார்பேட்டை

பதில்: இந்தியப் பெருங்கடல் மீன்தான், ஆனால் உங்கள் தொட்டியில் பல நாட்டு மீன்களோடு இருந்தது, அவற்றின் ஒட்டுண்ணியும் நோயும் கூடவே போகும். அட்லாண்டிக்கில் சிங்கமீன் பெருகி அங்குள்ள மீன்களை அழிப்பதற்குத் தொட்டியிலிருந்து விடப்பட்ட மீன்களே காரணமாகச் சொல்லப்படுகின்றன. வாங்கிய கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுங்கள். கொண்டுபோக வலை வேண்டாம், முள் சிக்கும். பெரிய பிளாஸ்டிக் ஜாடியை நீருக்குள் சாய்த்துப் பிடித்து, நீண்ட குச்சியால் மீனை உள்ளே ஓட்டுங்கள். பிளாஸ்டிக் பையையும் முள் துளைக்கும். 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப் போன்ற, புதிய, மூடியுள்ள வாளியில் பாதி நீர் விட்டு, மூடியின்மேல் ‘நச்சு முள்’ என்று எழுதி ஒட்டிக் கொடுத்தனுப்புங்கள்.