பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தலைமைப் பண்புப் பயிற்சி முகாமில் சேர்த்தால் பயன் உண்டா?

உங்கள் பிள்ளை எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கலாம். வாட்ஸப்பில் யாரோ விளம்பரம் அனுப்பியிருப்பார்கள், கட்டணத்தைப் பார்த்துவிட்டு யோசிக்கிறீர்கள். டெல்லியில் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளாகச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். பள்ளியில் சாரணர் படையோ, என்சிசி என்கிற தேசிய மாணவர் படையோ இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

என் மகள் சாரணியர் படையில் ஓர் அணிக்குத் தலைவியாக இருந்தாள். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவு முகாமில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பையன்களை நாலு அணியாகப் பிரித்து, ஒவ்வொரு அணியையும் ஒரு பையனின் பொறுப்பிலேயே விட்டாரே, அந்த ஏற்பாடுதான் இன்றும். ஒரு முகாமில் இவள் அணியில் ஒருத்தி பாத்திரம் தேய்க்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டீச்சரிடம் போனால், "உன் அணி, நீயே பார்த்துக்கோ" என்று அனுப்பிவிட்டாராம். இவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு விறகு, தண்ணீர், அடுப்பு, பாத்திரம் என்று எழுதி, பாத்திரத்துக்கு நேரே முதலில் தன் பெயரைப் போட்டிருக்கிறாள். அடுத்த பெயர் அந்தப் பெண்ணுடையது. ராத்திரி இரண்டு பேருமாகக் குழாயடியில் உட்கார்ந்து, கரி பிடித்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அந்த நோட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

என் நாத்தனார் பையன் குர்கானில் ஒரு ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனான். மைக் பிடிக்கும் கூச்சம் போனது உண்மை. பணம் கட்டிச் சேர்த்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அதை நான் வீண் என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்ததும் அவனை நம்பி யாரும் எந்த வேலையையும் ஒப்படைக்கவில்லை. பிறகு எதை வைத்துப் பழகுவான்? என்சிசியில் 'ஏ' சான்றிதழுக்கே இரண்டு வருடப் பயிற்சி. சாரணியரில் பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான் என்று மூன்று படிகள் ஏறித்தான் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது. பிள்ளைகள் தவறிழைத்துச் சரிசெய்ய அவ்வளவு காலம் வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதித் தமிழர் பொங்கல் விழாவில் வரவேற்புரை முதல் நன்றியுரை வரை எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள் கையில். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கும் வேலை மட்டும். கோலப் போட்டியையாவது முழுசாக அவர்களிடம் விடுங்கள் என்று கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார்கள். இந்த வருட நோட்டீஸிலும் அதே பெயர்கள். வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் சாரணர் படை, என்சிசி இரண்டுமே இல்லையென்றால் கட்டண முகாமைப் பாருங்கள். சேர்க்கும் முன், பிள்ளைகள் பொறுப்பில் என்ன வேலையை விடுவார்கள், எத்தனை நாள் விடுவார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.