பேருந்திலும் ரயிலிலும் கைபேசி இரைச்சல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியவை. பேருந்திலும் ரயிலிலும் பக்கத்து இருக்கைக் கைபேசியிலிருந்து வரும் சத்தமே அந்தப் பொருள். ஆகவே, இம்முறை பிற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு, இதற்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறேன். சக்கரச் சத்தம், சுண்டல் விற்பவரின் குரல், கல்லூரிப் பெண்களின் அரட்டை ஆகிய எதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. பக்கத்தில் ஒருவர் கைபேசியில் காணொளியைப் போட்டுவிட்டால் மட்டும் எரிச்சல் தாங்க முடிவதில்லை. எனக்குத்தான் பொறுமை குறைந்துவிட்டதா? — வாசகி, தாம்பரம்

பதில்: உங்கள் பொறுமையில் குறையில்லை, அம்மா. ரயிலின் ஓசை ஒரே சீராக வருவது. அத்தகைய ஓசையை நம் மூளை சற்று நேரத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடும். கைபேசியில் ஓடும் குறுங்காணொளிகளோ, ஒரு பாட்டின் நடுவரி, ஒரு திடீர்ச் சிரிப்பு, ஓர் அதட்டல், அதை அடுத்து முற்றிலும் வேறொரு பாட்டு என்று நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நம் கவனம் இழுபட்டு இழுபட்டுத் திரும்புகிறது. இதோடு அந்தச் சின்ன ஒலிபெருக்கியின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. விரல்நகத்தின் அகலமே உள்ள அதனால் தாழ்ந்த சுருதி ஒலிகளை எழுப்ப முடியாது. எந்தப் பாட்டைப் போட்டாலும் அதன் கனமெல்லாம் போய்க் கீச்சென்ற மேல்பகுதி மட்டுமே எஞ்சுகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான ஒலிகளை என்பதால், எஞ்சியிருக்கும் அந்தப் பகுதிதான் நேராக வந்து குத்துகிறது.

உரத்த குரலில் கைபேசியில் பேசுவோரைப் பற்றியும் பலர் எழுதியிருப்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், கணினியில் கவனத்தைக் குவித்துச் செய்ய வேண்டிய வேலைகளைச் சிலருக்குக் கொடுத்து, அவர்கள் காதில் உரையாடல்களை ஒலிக்கவிட்டார்கள். இருவர் பேசுவது முழுமையாகக் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு, மறுமுனையின் பதில் கேட்காதபோதுதான் தவறுகள் கூடின. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதை ஊகிக்க முடியாத அரைப் பேச்சு, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நம் கவனத்தைப் பிடித்துக்கொள்கிறது. பேசுபவரும் வேண்டுமென்றே கத்துவதில்லை. சுற்றிலும் சத்தம் இருந்தால் நம்மை அறியாமலே குரல் உயர்ந்துவிடும் என்பதை எத்தியென் லம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒரு பெட்டியில் ஒருவர் காணொளியின் ஒலியைக் கூட்டினால், அடுத்தவர் பேச்சு உயர்கிறது. அந்தப் பேச்சை மீறிக் கேட்பதற்காக மூன்றாமவர் தன் பாட்டைக் கூட்டுகிறார்.

கேள்வி: இரவு ரயிலில் பத்து மணிக்கு மேலும் கைபேசியில் படம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதைத் தடுக்க விதி ஏதும் இருக்கிறதா? யாரிடம் சொல்ல வேண்டும்? — வாசகர், நாகர்கோவில்

பதில்: விதி இருக்கிறது. 2022 ஜனவரியில் ரயில்வே அமைச்சகம் எல்லா மண்டலங்களுக்கும் அனுப்பிய அறிவுறுத்தலில், பயணிகள் கைபேசியில் உரக்கப் பேசக் கூடாது, அதிக ஒலியில் பாட்டுக் கேட்கக் கூடாது, இரவு 10 மணிக்குப் பின் இரவு விளக்கைத் தவிர மற்ற விளக்குகள் எரியக் கூடாது, குழுவாகச் செல்வோர் பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று கூறப்பட்டிருந்தது. டிக்கெட் பரிசோதகர், ரயில்வே பாதுகாப்புப் படையினர், உணவுப் பிரிவு ஊழியர் உட்பட ரயிலில் பணியில் இருப்போர் பயணிகளிடம் இதைக் கனிவாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதும், புகாரைக் கவனிக்காவிட்டால் அவர்களே பதில் சொல்ல வேண்டும் என்பதும் அதில் அடங்கும். இதற்கெல்லாம் முன்பே, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145ஆம் பிரிவு, பிறருக்குத் தொல்லை விளைவிக்கும் பயணியை ரயிலிலிருந்து இறக்கிவிட ரயில்வே ஊழியருக்கு அதிகாரம் தந்து, அபராதத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் இடம் வைத்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நடுப் படுக்கையில் மல்லாந்து கிடக்கும் ஒருவர் நெஞ்சின்மேல் கைபேசியை நிறுத்திக் குறுங்காணொளி பார்த்துக்கொண்டே தூங்கிப்போகிறார். விரலால் தள்ளாவிட்டால் அதே காணொளி தானாகத் திரும்பத் திரும்ப ஓடும். அதே வசனம், அதே சிரிப்பு, அதே கைதட்டல். கீழ்ப் படுக்கையில் குழந்தையைத் தட்டித் தட்டித் தூங்கவைக்கும் தாய் முதல் மேல் படுக்கையில் விடியற்காலை நேர்காணலுக்குப் போகும் இளைஞர் வரை எல்லாரும் அதைக் கேட்டபடி விழித்துக் கிடக்கிறார்கள். அவரைத் தட்டி எழுப்ப ஒருவருக்கும் துணிவில்லை.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணிவைப் பயணியிடம் எதிர்பார்ப்பதே நியாயமில்லை. சக பயணி சொன்னால் அது ஒருவரின் விருப்பமாகவும், சில வேளைகளில் வம்பாகவும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதே சொல்லைச் சீருடையில் இருப்பவர் சொல்லும்போது அது விதியாகிவிடுகிறது, யாருக்கும் மானக்குறைவும் ஏற்படுவதில்லை. டிக்கெட்டைச் சரிபார்க்கப் பெட்டிக்குள் வரும் பரிசோதகர், ஒவ்வொரு தடுப்பிலும் நின்று, "பத்து மணிக்கு மேல் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். நீங்கள் புகார் செய்ய வேண்டுமானால் 139 என்ற எண்ணும் 'ரயில் மதத்' செயலியும் இருக்கின்றன.

கேள்வி: பேருந்தில் என்ன செய்வது? நடத்துநருக்கு இதில் அதிகாரம் உண்டா? — வாசகர், மதுரை

பதில்: அண்டை மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து, 2021 நவம்பரில் அம்மாநில அரசுப் பேருந்துகளில் கைபேசி ஒலிபெருக்கியில் பாட்டும் காணொளியும் போடுவது தடை செய்யப்பட்டது. நடத்துநர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கேளாத பயணியைப் பேருந்திலிருந்து இறக்கிவிடலாம். மும்பையின் 'பெஸ்ட்' என்னும் மாநகரப் பேருந்துகளிலும் 2023இல் இதே போன்ற தடை வந்தது. நம் ஊரிலும் அப்படி ஓர் உத்தரவு தெளிவாக எழுதப்பட்டு, பேருந்துக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. நெரிசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டும், சில்லறைக்கு மல்லுக்கட்டிக்கொண்டும் நிற்கும் நடத்துநருக்கு, கையை நீட்டிக் காட்ட ஒரு பலகையாவது வேண்டும். பேருந்தே சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஓடும்போது பயணியிடம் ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது என்பதையும் சில தனியார் பேருந்து உரிமையாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எழுபதைக் கடந்த என் அப்பா, ரயிலில் வாட்ஸ்அப் குரல் செய்திகளை எல்லாரும் கேட்கும்படி போடுகிறார். சொன்னால் வருத்தப்படுகிறார். எனக்கோ கூச்சமாக இருக்கிறது. — வாசகி, கோவை

பதில்: அவரைக் குற்றவாளியாகப் பார்க்காதீர்கள். வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். பேச்சின் மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவுபவையும் அந்த ஒலிகளே என்பதால், சத்தம் காதில் விழுந்தாலும் சொல் புரிவதில்லை. அதனால்தான் ஒலியைக் கூட்டுகிறார்கள். முதலில் ஒரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்புத்திறனைச் சோதித்துப் பாருங்கள். அடுத்ததாக, ஓர் எளிய வழி பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. வாட்ஸ்அப் குரல் செய்தியை ஓடவிட்டு, அழைப்பில் பேசுவதுபோலக் கைபேசியைக் காதில் வைத்தால், ஒலி வெளி ஒலிபெருக்கியை விட்டுக் காதுப்பகுதிக்கு மாறிவிடும். காதுக்குள் செருகும் சின்னப் பொத்தான்கள் முதியவர்களுக்கு நிற்பதில்லை, கழன்று விழுந்துகொண்டே இருக்கும். காதை முழுதாக மூடும் பழைய வகை ஹெட்போனை வாங்கிக் கொடுங்கள். பேரன் பேத்தி கையால் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

கேள்வி: பெரியவர்கள் எப்போதும் இளைஞர்களையே குறை சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் டிரான்சிஸ்டரைத் தோளில் வைத்துக்கொண்டு போனவர்கள் இல்லையா? — கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: இருந்தார்கள், தம்பி. ஆனால் ஒரு பேருந்தில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தால் அதுவே பெரிது. அதிலிருந்து வந்ததும் எல்லாரும் கேட்க விரும்பிய கிரிக்கெட் வர்ணனையாகவோ, தெரிந்த பாட்டாகவோ இருந்தது. 1979இல் ஜப்பானில் சோனியின் வாக்மேன் என்ற கையடக்க கேசட் கருவி வந்தபோது, பாட்டுக் கேட்பது அவரவர் காதோடு நின்றது. அந்த முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஹெட்போன் துளைகள்கூட இருந்தன. அந்த நல்ல பழக்கம் பின்னால் நழுவிப்போனதற்கு இளைஞர்களின் குணம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 2016இல் ஜியோ வந்த பிறகு இணையம் மலிவானது. முன்பு கைபேசிப் பெட்டிக்குள்ளேயே வந்த ஹெட்போன் வருவது நின்றது. பல மாதிரிகளில் அதைச் செருகும் துளையே காணாமல் போயிற்று. கையில் முழுநேரமும் படம், காதில் மாட்ட ஒன்றுமில்லை என்ற நிலையில் ஒலிபெருக்கியைப் போடுவது எளிதாகிவிட்டது. வயதில் பெரியவர்கள்தான் இதில் அதிகம் என்று எழுதிய வாசகர்களும் உண்டு. எனவே உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. ஹெட்போனிலும் அளவோடு கேளுங்கள். வயது வந்தோருக்கு 80 டெசிபல் ஒலியளவில் வாரம் 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான எல்லை.

கேள்வி: இங்கே ரயில்களில் 'ஹஷ்-ஹஷ் ஹானா' என்ற சித்திரப் பாத்திரம், ஒலியைக் குறைக்கும்படி கேட்டுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் இது எடுபடுமா? — வாசகர், சிங்கப்பூர்

பதில்: எடுபடும் என்றே நம்புகிறேன், ஆனால் படம் மட்டும் போதாது. ஜப்பானில் கைபேசியின் மௌன நிலைக்கே 'மரியாதை நிலை' என்ற பொருளில் பெயர் வைத்து, அந்த நிலைக்கு மாற்றும்படி ரயில்களில் ஓயாமல் அறிவிக்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதுதான் பழக்கமாகிறது. நம் ரயில்களில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் அதே குரல் இதையும் சொல்லட்டும்.

கேள்வி: சண்டை வராமல் எப்படிக் கேட்பது? — வாசகி, சேலம்

பதில்: முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்காதீர்கள், மற்றவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு பேசாதீர்கள். அவருக்கு மட்டும் கேட்கும் குரலில், முகம் பார்த்து, "அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா? தூங்க முடியலை" என்று சொல்லுங்கள். "அறிவில்லையா", "வீட்டில் இப்படித்தானா" போன்ற சொற்கள் வந்துவிட்டால், பேச்சு ஒலியை விட்டு அவருடைய கௌரவத்தின் பக்கம் போய்விடும். ஒலியைக் குறைத்தவுடன் ஒரு நன்றி சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். இன்னும் குறைக்கவில்லையே என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள், எதிரில் இருப்பவர் குடித்திருப்பதாகவோ முரடராகவோ தோன்றினால் நேரடியாகக் கேட்கவே வேண்டாம். பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் குறித்து 139க்குத் தெரிவித்துவிட்டு, பரிசோதகர் வரும்வரை காத்திருங்கள்.