குழந்தைக்கு டிபியா? குழந்தை நல மருத்துவரின் கேள்வி பதில்

ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா: டாக்டர், 3 வயது மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒல்லியாக இருக்கிறாள். மேண்டோ டெஸ்டில் (தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் டிபி டெஸ்ட்) 12 மி.மீ. தடிப்பு. ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலை டிபி) என்று 6 மாத மருந்து எழுதிவிட்டார்கள். ஆரம்பிக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். மேண்டோவில் 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தால், டிபி கிருமி உடம்புக்குள் போயிருக்கலாம் என்றுதான் அர்த்தம். நோய் வந்துவிட்டதாக அல்ல. சாப்பிடாத பிள்ளைக்கெல்லாம் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லிவிடும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. (நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டுமாக இருந்தால் சோறு எப்படி இறங்கும்?) 2 வாரத்துக்கு மேல் காய்ச்சலோ இருமலோ உண்டா, எடை குறைந்திருக்கிறதா, கடந்த 2 வருடத்தில் நெருங்கிப் பழகிய யாருக்காவது டிபி வந்ததா என்று பார்க்க வேண்டும். அப்புறம் நெஞ்சு எக்ஸ்-ரே. இவற்றில் சந்தேகம் எழுந்தால், மருந்துக்கு முன்னால் சாம்பிள் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மதுரை அப்பா: 4 வயதுப் பையனுக்குச் சளியைத் துப்பத் தெரியாதே. என்ன சாம்பிள் எடுப்பீர்கள்?

பதில்: விழுங்கிய சளி வயிற்றில்தான் இருக்கும். காலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாக மெல்லிய டியூப் விட்டு அந்த நீரை எடுப்போம். பிள்ளை அழும், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். உப்புநீரை நெபுலைசரில் கொடுத்தும் சளி எடுக்கலாம். 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு மலத்திலேயே சோதிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. கழுத்தில் நெறி கட்டியிருந்தால் ஊசியால் உறிஞ்சி அனுப்புவோம்.

எதுவானாலும் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் டெஸ்டுக்குப் போக வேண்டும். கிருமி இருந்தால், டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்பதும் அதிலேயே தெரியும். ஆனால் குழந்தைகளிடம் கிருமி குறைவு; நெகட்டிவ் என்றால் டிபியே இல்லை என்று ஆகிவிடாது. அப்போது எக்ஸ்-ரே, அறிகுறி, வீட்டில் நோயாளி உண்டா என்பதையெல்லாம் சேர்த்து வைத்து மருத்துவர் முடிவெடுப்பார்.

புதிதாக கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்: மேடம், இருமல் நிற்காத குழந்தைக்கு முதலில் லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அமாக்சிசிலின் போதும். லெவோஃப்ளாக்சசின், லினசோலிட் இரண்டுமே டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். குழந்தை தேறியது போலத் தோன்றும், பிறகு எடுக்கும் சாம்பிளில் கிருமி சிக்காமல் போகலாம். டிபி என்று முடிவானால் அரசின் டிபி பதிவுத் தளமான நிக்‌ஷயில் பதிவு செய்துவிடுங்கள். 2012 முதலே தனியாருக்கும் அது கட்டாயம்.

சேலத்திலிருந்து ஒருவர்: ரத்தத்தில் டிபி ஆன்டிபாடி பார்க்கலாமா?

பதில்: நம்பகமில்லை என்று 2012இலேயே தடை செய்யப்பட்ட டெஸ்ட் அது. இக்ரா என்ற ரத்த டெஸ்ட் வேறு, அதுவும் மேண்டோ மாதிரி, கிருமித் தொற்றை மட்டுமே சொல்லும்.

திருச்சியிலிருந்து ஒரு பாட்டி: அரசாங்கத்தில் டெஸ்ட் எடுத்தால் எங்கள் டாக்டரை விட்டுவிட வேண்டுமாம்மா?

பதில்: வேண்டியதில்லை அம்மா. உங்கள் டாக்டரே சீட்டு எழுதி அரசு மையத்துக்கு அனுப்பலாம். டெஸ்டும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு. விவரத்துக்கு 1800 11 6666 எண்ணில் கேட்கலாம்.