கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் வலி, மயக்க மருந்தைப் பொறுத்து மாறுமா?

மாறும், முக்கியமாக முதல் நாளில். முழு மயக்கம் மூளையைத் தூங்கவைக்கிறது. முள்ளந்தண்டு ஊசியோ வயிற்றுப் பகுதியிலிருந்து வரும் நரம்புச் செய்தியை வழியிலேயே நிறுத்துகிறது. வாசல் மணி அடித்துக்கொண்டே இருக்க வீட்டுக்காரர் அயர்ந்து தூங்குவது முதலாவது. மணியின் கம்பியையே கழற்றிவிடுவது இரண்டாவது. தூக்கம் கலைந்தால் மணி கேட்கும். அதனால்தான் முழு மயக்கத்துடன் வலிநிவாரணிகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

முள்ளந்தண்டு ஊசியால் கால் மரத்திருப்பது சில மணி நேரம்தான். அதில் மிகச் சிறிதளவு மோர்பின் சேர்த்தால் வலி ஏறத்தாழ 24 மணி நேரம் வரை அடங்கியிருக்கும். அரிப்பும் குமட்டலும் வரலாம். வயிற்றில் வாயு நிரப்பி, சிறு துளைகள் வழியே கமராவை விட்டுச் செய்யும் லப்பரஸ்கோப்பிச் சத்திரசிகிச்சைக்குப் பெரும்பாலும் முழு மயக்கமே தருவார்கள். காயம் சிறியது என்பதால் வலியும் குறைவு.

கொழும்பில் காசல் வீதி வைத்தியசாலையானாலும் தனியார் வைத்தியசாலையானாலும், “விழித்த பின் வலிக்கு என்ன தருவீர்கள்?” என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பெண்கள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டியதே இல்லை.

முள்ளந்தண்டு ஊசி போட்டால் ஆயுள் முழுக்க முதுகுவலி என்பது தவறான எண்ணம்; குத்திய இடம் சில நாட்கள் நோகலாம், அவ்வளவுதான்.