மூன்றே வாரத்தில் மழுங்கும் சவரக்கத்தி: சாணைக்கு அனுப்பும் முன்

கேள்வி: ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த பழைய கார்பன் எஃகுச் சவரக்கத்தி ஒன்றை வாங்கி, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சாணை பிடித்தேன். முதல் சில சவரங்கள் மிகச் சுகமாக இருந்தன. மூன்று வாரத்துக்குள் முடியைப் பிடித்து இழுக்கிறது. தினமும் தோல்வாரில் தீட்டிய பிறகுதான் பயன்படுத்துகிறேன். மறுபடியும் சாணைக்கு அனுப்ப வேண்டுமா? – நாகப்பட்டினம் வாசகர்

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு சாணையும் எஃகைத் தின்கிறது. தேவையில்லாமல் அதைச் செலவழிப்பது பழைய கத்திக்குச் செய்யும் அநியாயம். முதல் சவரங்கள் சுகமாக இருந்தன என்கிறீர்கள். ஆகவே சாணையில் குறையில்லை. ஒழுங்காகப் பராமரித்தால், தினமும் சவரம் செய்தாலும் அந்தக் கூர் சில மாதங்கள் தாங்கும். மூன்று வாரத்தில் போகிறது என்றால், நான் சந்தேகிப்பது இரண்டைத்தான்: தோல்வாரில் உங்கள் கை போகும் விதம், இல்லையென்றால் ஈரம்.

கடற்கரை ஊர் என்பதால் ஈரத்தை முதலில் பார்ப்போம். கார்பன் எஃகு துருவை எதிர்க்காது. கூரின் நுனியோ ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் உடையது. கண்ணுக்குத் தெரியாத துரு அங்கே படிந்தாலே சவரத்தில் தெரிந்துவிடும். சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, மென்மையான துணியால் முதுகிலிருந்து கூர்ப்பக்கமாக ஒற்றி எடுங்கள். பிறகு தோல்வாரோடு இருக்கும் பருத்தித் துணிப் பட்டையில் பத்து முறை இழுங்கள். துடைத்த பிறகும் ஒட்டியிருக்கும் ஈரம் அதில் போகும். கத்தியை உடனே மடக்காமல் சிறிது நேரம் திறந்தே வையுங்கள். கடைசியாக ஒரு சொட்டு மினரல் ஆயிலை மெல்லப் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். குளியலறையில் வைப்பதும் தோலுறைக்குள் வைப்பதும் ஒரே தவறுதான், தோலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இனி தோல்வார். அந்தக் காலத்து சலூன்களில் நாற்காலியோரம் தோல்வார் தொங்கும். அருகில் நின்று பார்த்தே பலர் கற்றார்கள். பாதி பிளேடு செருகும் கத்தி வந்தபின் பார்த்துக் கற்க இடமில்லாமல் போனது பெரிய இழப்பு. ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

கத்தியின் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் தோலில் படிந்திருக்க வேண்டும். கூரின் கோணத்தை, பெரும்பாலும் 16, 17 டிகிரியை, முதுகின் தடிமன்தான் காப்பாற்றுகிறது. முதுகு அரை மில்லிமீட்டர் எழுந்தாலும் கோணம் மாறி, நுனி உருண்டுவிடும். முதுகு முன்னே போக, கூர் பின்னே வர வேண்டும். வாரின் கோடியில் கத்தியை நிறுத்தி, முதுகு தோலை விட்டு எழாமல் அதன்மேலேயே புரட்டித் திரும்புங்கள். நிற்பதற்கு முன்பே புரட்டுவதுதான் புதியவர்கள் கூரைக் கெடுக்கும் இடம். வார் தொய்ந்திருந்தால் தோல் கூரைச் சுற்றி வளைந்து அதை மழுக்கும்; விறைப்பாகப் பிடியுங்கள். கத்தியின் சொந்த எடையே போதும், கையால் அழுத்த வேண்டியதில்லை. சவரத்துக்கு முன் துணியில் இருபது, தோலில் ஐம்பது முறை போய்வரட்டும். வேகம் வேண்டாம். தோலில் தூசி படியாமல் மூடி வைத்து, தீட்டுவதற்கு முன் உள்ளங்கையால் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். ஒரு மணல் துகள் போதும், கூரைக் கீறிவிட.

2020இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முடி, சவர பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் எஃகின் உள்ளமைப்பு சீரற்ற இடங்களில், முடி வளைந்து மோதும்போது நுனியில் சில்லு பெயர்கிறது. அவர்கள் ஆராய்ந்தது ஒருமுறை பயன்படுத்தும் ரேசர்களை. இருந்தாலும் நமக்கும் அதில் சேதி உண்டு: தாடியை வெந்நீரிலும் சோப்பு நுரையிலும் நன்றாக ஊறவிடுங்கள். ஈர முடி எளிதில் வெட்டுப்படும், கூருக்கும் வேலை குறையும்.

இதையெல்லாம் இரண்டு வாரம் செய்தும் இழுத்தால், பச்சை நிற குரோமியம் ஆக்சைடு பசை தடவிய இன்னொரு வாரில் எட்டு, பத்து முறை தீட்டுங்கள். தினசரி வாரில் பசையைத் தடவிவிடாதீர்கள், பிறகு அது அந்த வேலைக்கு மட்டுமே ஆகும். பசை வாரை மாதம் ஒருமுறைக்கு மேல் தொடாதீர்கள். மென்மையான தோலில் பசை அதிகம் வேலை செய்தால் கூரின் சரிவு உருண்டுபோகும், அப்போது சாணைக்காரருக்கு வேலை இரட்டிப்பு.

கட்டைவிரல் நகத்தில் இழுத்துக் கூர் பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரகாசமான விளக்கடியில் கூரை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் நுனி உருண்டிருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் மின்னினால் அங்கே சில்லு பெயர்ந்திருக்கலாம், குழாயில் தட்டியிருப்பீர்கள். சில்லுக்கு வாரும் பசையும் உதவாது. அப்போது மட்டும் சாணைக்கு அனுப்புங்கள், எந்த இடத்தில் இழுக்கிறது என்பதையும் எழுதி அனுப்புங்கள்.